இறக்கையைக் கழற்று... ரோட்டுக்கு வா!

வீட்டிலேயே விமானம் கட்டுகிற ஆசாமிக்கு எல்லாச் சந்தேகமும் வரும். இன்ஜின் ஓடுமா? ரிவெட் தாங்குமா? சர்க்கார் அனுமதி கிடைக்குமா? நகையை அடகு வைத்ததில் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பி வருவாளா? ஒரே ஒரு சந்தேகம் மட்டும் கடைசியில்தான் வரும். அதுவும் பெயின்ட் அடித்து முடித்த பிறகு.

இதை எப்படி சார் வெளியே கொண்டு போவது?

சிரிக்காதீர்கள். மாடி ஏறாத பீரோவையும் வாசலில் நுழையாத ஃப்ரிட்ஜையும் பார்த்த ஜனங்கள்தானே நாம்? அதே பிரச்னைதான். என்ன, இந்தப் பீரோவுக்கு இரண்டு பக்கமும் கை நீட்டின மாதிரி இறக்கை.

நான் குடியிருப்பது சேலையூர். காம்ப் ரோடு ஜங்ஷனில் நின்று கழுத்தை நிமிர்த்தினால் விமானம் இலவசம். பக்கத்திலேயே தாம்பரம் விமானப்படைத் தளம். பறக்கக் கற்றுக்கொடுக்கிறவர்களுக்கே கற்றுக்கொடுக்கும் பள்ளி அங்கே 1954லிருந்து நடக்கிறது. வாத்தியார்களுக்கு வாத்தியார்! தாம்பரத்திலிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளினால் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அங்கே காட்சிக்கு நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் தனக்கு ஆகாயப் பித்து முற்றியது என்று அப்துல் கலாம் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

இப்படி ஆகாயத்தோடு சம்பந்தி உறவு கொண்டாடும் ஏரியாவில், ஒருத்தன் மொட்டை மாடியில் விமானம் கட்டினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் பி.காம். எதையும் கணக்குப் போடாமல் ரசிக்கத் தெரியாது.

நாலு பேர் உட்காரும் செஸ்னா 172 என்கிற சாதாரணக் குட்டி விமானத்தின் இறக்கை, நுனிக்கு நுனி 36 அடி. நம் ஊர் மோட்டார் வாகன விதிப்படி ரோட்டில் போகும் வண்டியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது. அதாவது எட்டரை அடி. மிச்சம் இருபத்தேழரை அடியை எங்கே வைப்பது? எங்கள் தெரு மொத்தமே இருபது அடி. இரண்டு பக்கமும் நிறுத்திய வண்டிகள், இஸ்திரி வண்டி, அதன் கீழே படுத்திருக்கும் நாய் எல்லாம் போக எட்டரை அடி கிடைத்தால் அதுவே பாக்கியம்.

பறந்து போய்விடலாமே என்பீர்கள். எங்கிருந்து? மொட்டை மாடியிலிருந்தா? பக்கத்தில் இருப்பது மிலிட்டரி இடம். "சார், ஓரமா ஒரு ரவுண்டு விட்டுக்கறேன்" என்று கேட்டில் நிற்கும் ஜவானிடம் கேட்டுப் பாருங்கள், தெரியும். அது கிடக்கட்டும். இதுவரை பறந்தே பார்க்காத ஒரு மெஷினை வீடுகளுக்கு மேலே யார் பறக்க விடுவார்கள்? முதலில் மைதானத்துக்குப் போக வேண்டும். அங்கே போவதற்கு ரோட்டை விட்டால் வழி கிடையாது.

ஆக, வீட்டில் கட்டிய விமானத்தின் முதல் பயணம் ஆகாயத்தில் இல்லை. லாரியில்!

இது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. ரைட் சகோதரர்கள் விமானத்தைக் கட்டியது அமெரிக்காவில் டேட்டன் என்ற ஊரில், சைக்கிள் கடைக்காரர்களாக இருந்துகொண்டு. பறந்ததோ நூற்றுக்கணக்கான மைல் தள்ளி, கிட்டி ஹாக் கடற்கரை மணலில். 1903ல் பாகம் பாகமாகப் பெட்டியில் அடைத்து, ரயிலிலும் படகிலும் ஏற்றிக்கொண்டு போய், அங்கே பூட்டித்தான் டிசம்பர் 17 அன்று பறந்தார்கள். சரித்திரப் புகழ் பெற்ற அந்த விமானம் ரயில்வேக்குப் பார்சல் கட்டணம் கட்டிய விமானம்.

நம் சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. மவுண்ட் ரோடில் ஹோட்டல் நடத்தி வந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்பவருக்கு ஆகாய ஆசை பிடித்துக்கொண்டது. 1909ல் ப்ளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர் இங்கிலீஷ் கால்வாயைப் பறந்து தாண்டியிருந்தார். பேப்பரில் படித்த நாம் என்ன செய்வோம்? "அடேங்கப்பா" என்றுவிட்டு ரசத்துக்கு வருவோம். ஏஞ்சலிஸ் தானே ஒரு விமானத்துக்குப் படம் போட்டு, அதே மவுண்ட் ரோடில் கோச்சு வண்டிகள் செய்துகொண்டிருந்த சிம்ப்ஸன் கம்பெனியிடம் கொடுத்துக் கட்டச் சொன்னார். கட்டிக் கொடுத்துவிட்டார்கள்! சோதனை ஓட்டம் எங்கே தெரியுமா? எங்கள் பக்கத்துப் பல்லாவரத்தில். பிறகு 1910 மார்ச்சில் தீவுத்திடலில் டிக்கெட் போட்டு ஜனங்களுக்குப் பறந்து காட்டினார். இந்தியாவின் முதல் விமானப் பறத்தலே இதுதான் என்று சென்னைச் சரித்திரம் எழுதுகிறவர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது வேறொரு விஷயம். மவுண்ட் ரோடில் கட்டிய விமானம் பல்லாவரத்தில் சோதனை. நடுவே பத்துப் பதினோரு மைல். பறக்குமா என்று பார்ப்பதற்காகப் போகிற விமானம் பறந்து போயிருக்க முடியாது. ஜட்காவும் மாட்டு வண்டியும் போன அதே ரோடுதான். இன்று நாம் ஆபீசுக்கு லேட்டாகிறது என்று ஹாரன் அடிக்கிற அதே ரோடு.

சரி, இறக்கையை எப்படிக் கழற்றுவது? எங்கள் தெருக் கோடியில் விமானப்படையில் ஏர்ஃபிரேம் ஃபிட்டராக இருந்து ரிட்டையரான ஒரு பெரியவர் இருக்கிறார். இறக்கைகளோடு இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவர். அவரிடம் கேட்டேன்.

"தம்பி, கழட்டறது பெரிசில்லை. கடப்பாரை இருந்தா யார் வேணா கழட்டலாம். திரும்ப மாட்டறதுக்காகக் கழட்டறதுதான் வேலை" என்றார்.

அப்புறம் டீ வந்தது. டீயோடு பாடமும் வந்தது.

இறக்கைக்குள்ளே முதுகெலும்பு மாதிரி ஒரு உத்தரம் ஓடுகிறது. ஸ்பார் என்று பெயர். இறக்கையின் தோல், விலா எல்லாம் இதைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. இந்த ஸ்பாரை உடம்போடு சேர்ப்பது சில போல்ட்டுகள் அல்லது பின்கள். சில டிசைன்களில் ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். தடிமனும் ஏறக்குறைய விரல் தடிமன்தான். இங்கே ஒரு கணக்கு: ஆளும் பெட்ரோலும் ஏறி 600 கிலோ இருக்கும் ஒரு குட்டி விமானம் என்று வையுங்கள். சாதாரண வகை விமானத்தின் இறக்கை அதன் எடையைப்போல 3.8 மடங்கு சுமையைத் தாங்கும்படி இருக்க வேண்டும் என்பது டிசைன் விதி. 3.8 பெருக்கல் 600... இரண்டே கால் டன்னுக்கு மேல். திடீரென்று ஒரு காற்றுக்குழியில் விழுந்து எழுந்தால் இந்தச் சுமை மொத்தமும் அந்த விரல் தடிமன் பின்கள் வழியாகத்தான் உடம்புக்குப் போக வேண்டும். அதைத்தான் நீங்கள் ஸ்பேனரும் கையுமாகக் கழற்றப் போகிறீர்கள்.

முதலில் பெட்ரோலை வடிக்க வேண்டும். பல விமானங்களில் டாங்க் இருப்பதே இறக்கைக்குள்தான். டாங்க் நிறைய வைத்துக்கொண்டு இறக்கையைத் தூக்கினால் இடுப்பு போகும். பக்கத்தில் ஒருவன் பீடி பற்ற வைத்தால் தெருவே போகும். பிறகு இறக்கைக்குள் போகிற குடல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும்: பெட்ரோல் குழாய், விளக்கு ஒயர், வேகம் காட்டும் பிடாட் குழாயின் ரப்பர் டியூப், கடைசியாக ஐலரான் கம்பி. ஐலரான் என்பது இறக்கையின் பின்னோரத்தில் மேலும் கீழும் ஆடும் பலகை. விமானத்தை இடமோ வலமோ சாய்ப்பது அதுதான்.

"ஒவ்வொண்ணுக்கும் துணிச் சீட்டு கட்டி நம்பர் போடணும். எந்த ஓட்டைல இருந்து வந்த போல்ட்டோ அதே ஓட்டைக்குத்தான் அது போகணும். மாத்தி ஜோடி சேர்க்கக் கூடாது" என்றார் பெரியவர். ஜாதகப் பொருத்தம் பார்க்கிற தொனி.

இனிமேல்தான் நாலு பேர் தேவை. நுனியில் ஒருத்தர், அடியில் இருவர், பின்னை உருவ ஒருத்தர். இதில் ரொம்பச் சும்மா நிற்பது போலத் தெரிவது நுனிக்காரர். உண்மையில் அவர்தான் கதாநாயகன். இறக்கை தன் எடையால் கீழே தொங்கும்போது பின் அதில் இறுகிப் போய் உட்கார்ந்திருக்கும். நுனியை ஒரு அரை அங்குலம் மேலே தூக்கி, அடியில் பாரம் இல்லாத அந்த ஒரு நிலையைக் கண்டுபிடித்துப் பிடிக்க வேண்டும். அந்த நிலை வந்தால் பின் வெண்ணெயில் கத்தி மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். வராவிட்டால்?

"சுத்தியல் எடுக்காதே. நுனிக்காரனைத் திட்டு" என்றார்.

நல்ல விதி. என் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனுக்கும் பொருந்தும் போலிருக்கிறதே என்று நினைத்தேன், சொல்லவில்லை.

ஒரு பக்கத்து இறக்கை வந்ததும் விமானம் மறுபக்கம் சாயப் பார்க்கும். அதற்கு முன்பே உடம்புக்கு முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். கழற்றிய இறக்கையைத் தோசை மாதிரித் தட்டையாக லாரியில் போடக் கூடாது. முன்னோரம் கீழே இருக்க, செங்குத்தாக, மெத்தை வைத்த தொட்டிலில் நிறுத்த வேண்டும். முன்னோரம்தான் உருண்டையாக, பலமாக இருக்கும். பின்னோரம் அப்பளம். இன்னொரு காரணமும் உண்டு. தான் லாரியில் இருப்பது இறக்கைக்குத் தெரியாது! ஒரு குட்டி விமானம் எழும்ப மணிக்கு எழுபது எண்பது கிலோ மீட்டர் வேகக் காற்று போதும். ஜி.எஸ்.டி. ரோடில் டிரைவர் கொஞ்சம் உற்சாகமாகி அறுபதில் போனார் என்றால், தட்டையாகப் படுத்திருக்கும் இறக்கை கயிற்றோடு மல்லுக்கு நிற்க ஆரம்பிக்கும். எதிரே அரசு பஸ் வந்தால் அது தள்ளும் காற்று வேறு.

பிடாட் குழாய்க்கு மூடி போட்டே ஆக வேண்டும். ஏன் என்றேன். "குளவி" என்றார் ஒரே வார்த்தையில். சின்ன ஓட்டை என்றால் குளவிக்குக் கல்யாண மண்டபம். மண்ணைக் குழைத்து அடைத்துவிடும். அது அடைத்தால் வேகம் காட்டும் முள் பொய் சொல்லும். இது குட்டி விமானத்தின் பிரச்னை மட்டும் இல்லை. 1996 பிப்ரவரியில் டொமினிகன் குடியரசிலிருந்து கிளம்பிய பர்ஜன் ஏர் என்ற கம்பெனியின் போயிங் 757 கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். பிடாட் குழாய் அடைத்திருந்ததுதான் மூலம், அடைத்தது பெரும்பாலும் குளவியாக இருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு.

புத்திசாலி டிசைனர்கள் இந்தக் கழற்றும் வேலையை முதல் நாளே யோசித்து விடுகிறார்கள். இங்கிலாந்தில் ஐவன் ஷா என்பவர் வடிவமைத்து 1992ல் பறந்த யூரோப்பா என்ற வீட்டுத் தயாரிப்பு விமானத்தின் உத்தேசமே, விமானத்தை வீட்டில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை டிரெய்லரில் இழுத்துக்கொண்டு போய்ப் பறப்பதுதான். இறக்கையைச் செருகிப் பின் போட்டால் போதும், கன்ட்ரோல்கள் தானே கோத்துக்கொள்ளும். அமெரிக்காவின் கிட்ஃபாக்ஸில் இறக்கையைக் கழற்றவே வேண்டாம். பின்பக்கமாக மடித்துக்கொள்ளலாம், கொக்கு மாதிரி.

இங்கிலாந்திலேயே இருக்கும் ஆலப்புழைக்காரர் அசோக் தாமரக்ஷன், லாக்டவுன் காலத்தில் எஸ்ஸெக்ஸில் தன் வீட்டுத் தோட்டத்தில் ஸ்லிங் என்ற தென்னாப்பிரிக்க கிட்டை வாங்கி நாலு பேர் விமானம் கட்டினார். சின்ன மகளின் பெயரை வைத்து, 2022ல் குடும்பத்தோடு ஐரோப்பா சுற்றினார். செலவு 1,40,000 பவுண்டு. நாம் லாக்டவுனில் டல்கோனா காபி போட்டோம்.

ஆனால் என்னை உலுக்கியது மும்பைக்காரர் அமோல் யாதவ் கதைதான். அப்போது ஜெட் ஏர்வேஸில் பைலட். காந்திவலியில் கூட்டுக் குடும்பமாக இருந்த ஐந்து மாடி வீட்டின் மொட்டை மாடியில், ஆறு பேர் உட்காரும் விமானம் ஒன்றைக் கட்டினார். துணி உலர்த்தும் கொடி, தண்ணீர் டாங்க், நடுவே விமானம். வருஷக்கணக்கில் வேலை, வீட்டார் பணம், நகை எல்லாம் உள்ளே போயிற்று. 2016 பிப்ரவரியில் மும்பையில் 'மேக் இன் இண்டியா' கண்காட்சி வந்தது. விமானத்தை அங்கே கொண்டு போக வேண்டும். மாடியிலிருந்து!

இன்ஜினைக் கழற்றி, இறக்கையைக் கழற்றி, வாலைக் கழற்றி, ஒவ்வொன்றாகக் கிரேனில் கட்டி இறக்கினார்கள். வருஷக்கணக்கில் ரிவெட் ரிவெட்டாகச் சேர்த்தது, ஒரு கொக்கியில் ஐந்து மாடி உயரத்தில் ஊசலாடியது. கிரேன் ஆபரேட்டர் ஒரு தும்மல் தும்மியிருந்தால்? லாரியில் போய்க் கண்காட்சி மைதானத்தில் மறுபடி பூட்டி நிறுத்தியதும் கூட்டம் அம்மியது. ஆனாலும் கவனியுங்கள், விமானம் இன்னும் பறக்கவில்லை! அதுவரை அது கண்ட உயரம் மாடி உயரம், அது போன தூரம் லாரி போன தூரம். ரெஜிஸ்ட்ரேஷன் 2017ல் கிடைத்தது. பறக்க அனுமதி 2019ல். துலே என்ற ஊரில் ஒருவழியாகத் தரையை விட்டுக் கிளம்பியது 2020ல். மாடியிலிருந்து கீழே வந்து, கீழேயிருந்து மேலே போக நாலு வருஷம்.

இறக்கையைக் கழற்றுவதற்கும் வெட்டுவதற்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமா? நம் நாட்டு மேம்பாலங்களைக் கேளுங்கள். ஆயுள் முடிந்த பெரிய விமானங்களை ஏலத்தில் எடுத்து, இறக்கையைத் துண்டித்து, உடம்பை மட்டும் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போவது ஒரு தொழில். 2021 அக்டோபரில் டெல்லி ஏர்போர்ட் பக்கத்திலேயே ஒரு பழைய ஏர் இந்தியா விமானம் நடைமேம்பாலத்தின் கீழே மாட்டிக்கொண்டது. 2022 நவம்பரில் கொச்சியிலிருந்து ஹைதராபாத்துக்கு ஓட்டலாக்குவதற்காகப் போன விமானம் ஆந்திராவில் பாபட்லா மாவட்டத்துச் சுரங்கப்பாலத்தில் நின்றது. 2023 டிசம்பரில் பீகார் மோதிஹாரியில் இன்னொன்று. அகலத்தை வெட்டினார்கள், உயரத்தை அளக்கவில்லை. இந்த மாதிரி நேரத்தில் எல்லா ஊர் லாரி டிரைவருக்கும் தெரிந்த கைவைத்தியம், டயரில் காற்றை இறக்குவது. இவை எதுவும் மறுபடி பறக்கப் போவதில்லை. ஆகவே பாலத்தில் உரசினால் பாலத்துக்குத்தான் நஷ்டம்.

வீட்டு விமானத்தின் கதை அங்கேதான் வேறு. மைதானம் வந்தாயிற்று, இறக்கையை மாட்ட வேண்டும். வீடு மாறும்போது கட்டிலைக் கழற்றி மாட்டியவர்கள் எல்லோருக்கும் ஒன்று தெரியும். மாட்டி முடித்ததும் ஒரு நட்டு கையில் மிச்சம் இருக்கும். அதை ஜன்னல் மேடையில் வைப்போம். கட்டில் கிரீச் என்னும். அவ்வளவுதான். இறக்கையில் ஒரு நட்டு மிச்சமிருந்தால்?

பின் போடாமல் யாரும் கிளம்ப மாட்டார்கள், அது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாதது ஐலரான் கம்பி. இறக்கை கம்பீரமாக மாட்டியிருக்கும், உள்ளே கம்பி கோக்காமல் தொங்கும். அடிக்கடி இறக்கை கழற்றி மாட்டுகிற கிளைடர்களில் இப்படிக் கோக்காமல் கிளம்பி உயிரை விட்டவர்கள் உலகம் முழுக்க உண்டு. எல்லோரும் விஷயம் தெரிந்தவர்கள். மாட்டிக்கொண்டிருக்கும்போது யாரோ வந்து "என்னப்பா, எப்ப வந்தே?" என்று குசலம் விசாரித்திருப்பார். அதனால்தான் கிளைடர்காரர்களிடம் ஒரு கறாரான பழக்கம் உண்டு: மாட்டுகிறவனிடம் பேச்சுக் கொடுக்காதே, பேச்சுக் கொடுத்துவிட்டால் அவன் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். சேலையூரில் இது நடக்கிற காரியமா? ஜாக்கி போட்டு டயர் மாற்றினாலே பதினோரு பேர் யோசனை சொல்கிற ஊர்.

மாட்டி முடித்ததும் இரண்டு பேர் சோதனை. ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து ஸ்டிக்கை அசைக்க, இன்னொருத்தர் வெளியே ஐலரானைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பலகை ஆடுவதைப் பார்த்தால் போதாது. பிடித்திருக்கிற கையில் அழுத்தம் தெரிய வேண்டும். அப்புறம் திசை. கம்பியை மாற்றிக் கோத்துவிட்டால் இடது என்றால் வலது சாயும். அதற்குப் பெரியவர் ஒரு வித்தை காட்டினார். டீ டம்ளரை ஸ்டிக்காகப் பிடித்து, கட்டை விரலை நிமிர்த்தினார். டம்ளரை இடது பக்கம் சாய்த்தார். விரலும் இடது பக்கம் காட்டியது.

"விரல் காட்டற பக்கத்து ஐலரான் மேலே போகணும். இந்தப் பக்கம் மேலே, அந்தப் பக்கம் கீழே. இதைச் சரி பார்த்துட்டுத் திரும்ப ஒருத்தன் பார்க்கணும். மாட்டினவன் இல்லை, வேறொருத்தன். அவனும் கையெழுத்துப் போடணும்."

"மாட்டினவர் இருபது வருஷ அனுபவஸ்தரா இருந்தா?"

"அப்பவும்தான். நான் மாட்டினதை நேத்து சேர்ந்த பையன் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கான். ஒரு தடவை, 'சார், பின்னுக்குப் பூட்டு ஊசி போடலை'ன்னான்."

"போட்டிருந்தீங்களா சார்?"

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு அவனுக்கு டிபன் நான் வாங்கிக் கொடுத்தேன்" என்றார்.